இருக்கிறார் என்று சொன்ன பொலிஸ்

எண்பத்தாறில் நாங்கள் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பேஸ்மென்ற்றில் குடியிருந்தோம். ஒருநாள் மத்தியானம் என் கணவர் வேலை செய்த ரெஸ்ரோரண்டிலிருந்து போன் வந்தது. கிச்சினுக்குள் அடிபாடாம். பொலிஸ் இவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம்.

மேல்வீட்டு அன்ரியைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஊரில் ஆமி என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது, அம்மா அவனுடைய படத்தோடு ஒவ்வொரு இராணுவக் காம்ப் வாசலாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரும் இங்கே இல்லை. தம்பி இன்றுவரை வரவில்லை. அதனால்தான் நானும் எங்கள் கலியாணப் படத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

கவுண்டரில் நின்ற பொலிஸ்காரன் படத்தைப் பார்க்கவேயில்லை. பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுவிட்டு உள்ளே போனான். அவன் திரும்பி வந்து "இல்லை" என்று சொல்லப்போகிறான் என்றே நினைத்துக்கொண்டு படத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அவன் வந்து அன்ரியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான்.

"இஞ்சைதான் வைச்சிருக்கினமாம், பிள்ளை. நாளைக்குக் காலமை கோர்ட்டாம். நாங்களும் போய்ப் பாக்கலாமாம்."

"உண்மையா இருக்கிறாரோ? இன்னொருக்காக் கேளுங்கோ, அன்ரி."

அன்ரி கேட்டார். அவன் "யெஸ்" என்றான்.

நான் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். புருஷனை அடைத்து வைத்தவனைக் கும்பிடுகிற பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். அந்த ஒரு சொல் கிடைத்திருந்தால், என் அம்மாவும் ஆமிக்காரனைக் கும்பிட்டிருப்பார்.