புஷ்பராணியும் அறுபதடிக் கேபிளும்

கடந்த வெள்ளிக்கிழமை காலை, தலவாக்கலையில் என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “நம்ம புஷ்பராணி போயிட்டாங்க சேர்,” என்றார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தாராம். யாழ்ப்பாணத்தில் ஓய்வூதியக்காரனாக உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. நானாக ஒரு தடவையாவது விசாரித்தேனா என்று யோசித்ததும் அந்தக் கோபம் என்மேலேயே திரும்பியது.

அவரோடு பழகிய உங்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி அறையின் உதவியாளர் அவர். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, இரண்டு வருடம் கொழுந்தெடுத்து, பிறகு ஹட்டனுக்குப் போய்க் கணினி படித்தவர். கணினி ஆசிரியன் என்ற பெயர் எனக்கு இருந்தது. பழுது பார்த்தவர் அவர். அறையிலிருந்த ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனைகளிலும் நகப்பூச்சால் ஒரே நிறப் பொட்டு வைத்திருந்தார். நான் கேலி செய்தேன். “எது எங்க போவுதுன்னு கேபிளே சொல்லணும் சேர். நம்மளத் தேட வைக்கக் கூடாது,” என்றார்.

நான் சொல்ல வந்தது என் வீட்டில் நடந்ததை. தலவாக்கலையில் வீடுகளுக்கு இணையம் வரத் தொடங்கியிருந்த காலம். கனடாவில் தங்கையோடு இருந்த அம்மாவுக்கு அன்று இருதய அறுவைச் சிகிச்சை. அம்மாவுக்குக் காது அறவே கேட்காது. முகத்தைப் பார்த்து, உதட்டசைவைப் படித்துத்தான் பேசுவார், தொலைபேசியால் பிரயோசனமில்லை. “நாலு மணிக்குக் கம்ப்யூட்டரில வா அண்ணா. உன்னைப் பாக்காமல் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட மாட்டன் எண்டு நிக்கிறா,” என்று தங்கை சொல்லியிருந்தாள். அங்கே அப்போது விடிகாலை.

அன்று காலையிலிருந்து என் கணினிக்கு இணையம் வரவில்லை. முதல்நாள் பின்னேரம் நல்ல இடி. இடிதான் எதையோ தின்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். அதைக் கழற்றினேன், இதை மாற்றினேன், அமைப்புகளையெல்லாம் குழப்பினேன். இரண்டரை மணிக்கு, என் மனைவி எனக்குச் சொல்லாமல் கூப்பிட்டிருந்த புஷ்பராணி நனைந்த குடையோடு வந்து நின்றார்.

“எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திருப்பிப் போடப்போறன்,” என்றேன்.

“கைய எடுங்க சேர். நெரைய விட்டு நெரை பாயாதீங்க. கொழுந்தெடுக்கையில மொதச் செடியில நின்னு, ஒன்னும் விடாமக் கடைசி வரைக்கும் போவோம். இதுக்கும் அதே வேலதான்.”

சுவரிலிருந்து தொடங்கினார். தொலைபேசியில் சத்தம் இருந்தது. படுக்கையறையில் இருந்த ரவுட்டரில் விளக்குகள் எரிந்தன. கணினிக்குப் போகும் கேபிளின் விளக்கு மட்டும் இருட்டு. வேறு துளையில் செருகினார். அதுவும் இருட்டு. பிறகு கேபிளைக் கையால் பிடித்தபடியே நடந்தார். படுக்கையறையிலிருந்து முன்னறை வரை அறுபதடிக் கேபிளை நானே இழுத்து ஆணியடித்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முன்னறைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டார். மழை மாதங்களில் தலவாக்கலையில் ஒரு துணியும் ஒரு கிழமைக்குக் காயாது. அடுப்படிச் சுவரோரம் மட்டும்தான் சூடு. அந்த இடத்தில் தலையுயரத்தில் போன கேபிளில் இரண்டு சுவெற்றர், என் மழைக்கோட்டு, நடுவில் ஈரக் கம்பளி. கம்பளியை முதல்நாள் போட்டவன் நான்தான்.

“சேர், இது கேபிளா, துணிக்கொடியா?”

மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியில் செருகியிருந்த முனை வெளிப்பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. அவர் இலேசாக இழுத்ததும், ஈரக் கம்பளியின் பாரத்தில் ஏற்கெனவே விட்டுப்போயிருந்த கம்பிகள் கழன்று கையோடு வந்தன.

புது முனை பூட்டும் குறடு பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்தது, பூட்டின் திறப்பு அதிபரிடம், அதிபர் ஊரில் இல்லை. மணி மூன்றரை. நான் தலையில் கை வைத்தேன். புஷ்பராணி பையிலிருந்து ஒரு முழக் கேபிளை எடுத்தார். முனையின் கொக்கி உடைந்ததால் கணினி அறையிலிருந்து கழித்தது. “கேபிளு கணினிக்கு வராட்டி, கணினி கேபிளுக்குப் போவட்டும். தூக்குங்க,” என்றார். படுக்கையறையில் ஒரு பெட்டியின் மேல் எல்லாவற்றையும் வைத்தோம். செருகினார். பச்சை விளக்கு மின்னியது. கையை எடுத்ததும் முனை நழுவி அணைந்தது. கடதாசி மடித்து வைத்தார், நூலால் கட்டினார். நிற்கவில்லை. நாலு மணியானதும் கணினிக்குப் பின்னால் குந்தி, விரலால் முனையை அழுத்திக்கொண்டார்.

அம்மா திரையில் வந்தார். “என்னடா, கட்டிலடியில இருக்கிறாய்? சுகமில்லையோ?”

கம்பளிக் கதையைச் சொன்னேன். என் உதடுகளையே பார்த்திருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “கொப்பற்ர புத்தி உன்னை விட்டுப் போகேல்லை!” என்று அப்பாவையும் இழுத்தார்.

புஷ்பராணியை அம்மாவுக்குக் காட்ட ஆசைப்பட்டு, முன்னால் வரச் சொன்னேன்.

“கைய எடுத்தா கட்டாயிரும் சேர். நீங்க பேசுங்க.”

பதினொரு நிமிடம் பேசினோம். அம்மா அந்த அறுவைச் சிகிச்சையிலிருந்து திரும்பவில்லை.

புஷ்பராணியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பதினொரு நிமிடம்தான். அம்மா சிரித்த நேரமெல்லாம் ஒரு பெண் சீமெந்துத் தரையில் குந்தி, மரத்துப்போன விரலை எடுக்காமல் இருந்தார். கடைசிவரை அம்மா அவரைப் பார்க்கவேயில்லை.