கையை எடுத்தும் ஓடிய ஆட்டோ

போன வருடம் மழைக்காலத்தில், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நடந்தது இது. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. என்னைப் போன்றவர்களும் சிரமமில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று செல்போன் ஆப்களைச் சோதித்துச் சொல்வதுதான் என் வேலை. அல்சூரிலிருந்து கம்பெனி கேபில் போய் வருகிறேன். போகும் வழியிலேயே பாதி உயிர் போய்விடும், அது வேறு கதை.

எங்களுக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் குழு ஒன்று உண்டு. ஒருநாள் அங்கிருந்து ஒரு இளைஞர் என்னைத் தேடி வந்தார். பெங்களூரிலேயே தமிழர்கள் நிறைய இருக்கும் ஒக்கலிபுரத்துக்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வந்த நிமிடமே என்னை அக்கா ஆக்கிவிட்டார். நம் ஊர் ரோட்டில் ஆட்டோ பந்தயம் விடுகிற மாதிரி ஒரு கேம் செய்திருக்கிறார்களாம். பார்வையில்லாதவர்கள் காதால் கேட்டே ஆடும்படி அதில் ஒரு பகுதியை அவரே எழுதியிருக்கிறாராம். வெளியிடுவதற்கு முன் நான் ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்லூரி நாளிலிருந்தே ஒலியை வைத்து ஆடும் கேம்கள் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அவையெல்லாம் எங்கோ வெளிநாட்டில் யாரோ செய்தவை. நம் ஊர் ஹாரன் சத்தத்தோடு ஒன்று வருகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

மேலே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வலது காதில் லாரி, இடது காதில் பஸ், பள்ளம் வந்தால் டொக் டொக்கென்று ஒரு எச்சரிக்கை. அருமையாகச் செய்திருந்தார். முதல் ஆட்டத்திலேயே ஜெயித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டாவதிலும் ஜெயித்தேன். அதற்கும் கைதட்டல். எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. இத்தனைக்கும் ஒரு திருப்பத்தில் நான் தப்பான பக்கம் திருப்பியது எனக்கே தெரியும்.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் தலையில் போட்டிருந்த கிளிப் கழன்றுவிட்டது. இரண்டு கையையும் எடுத்து முடியை நிதானமாகச் சேர்த்துக் கிளிப்பை மாட்டினேன். என் ஆட்டோ அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது! லாரிக்கு ஒதுங்கியது, பள்ளத்தைச் சுற்றிப் போனது, கடைசியில் முதலாவதாகவும் வந்தது. மறுபடியும் கைதட்டினார்கள்.

சின்ன வயதில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் ஆட்டத்தில் சேர்ப்பார்கள். நான் அவுட்டானாலும் கணக்கில்லை, அவுட்டாக்கினாலும் கணக்கில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் கண்ணாமூச்சியில் நியாயமாகப் பார்த்தால் நான்தான் ராணி. அதிலும் அதே கதிதான். அந்த வயதில் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில், சம்பளம் வாங்குகிற இடத்தில், அதே ஆட்டத்துக்கு என்னை உட்கார வைத்தால் கோபம் வராதா?

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தம்பி, ஆடினது நானா, உங்க கம்ப்யூட்டரா?" என்று கேட்டேன்.

அவர் குரல் இறங்கிவிட்டது. "இல்லக்கா... மோதி மோதி நின்னுட்டா மனசு கஷ்டமாயிடும்ல? அதான் வண்டி தானா ஒதுங்குற மாதிரி வெச்சேன். மத்த வண்டியும் கொஞ்சம் ஸ்லோ பண்ணியிருக்கேன்" என்றார்.

பாவம், திட்டவும் மனம் வரவில்லை. ஆசை ஆசையாய்ச் செய்திருக்கிறார். அதை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அவர்களுடைய மேனேஜர் அம்மா குறுக்கிட்டார். கன்னடத்தில் ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். பார்வையில்லாதவர்கள் பந்தயத்தை முடிக்கவே முடியாமல் போனால் நொந்துபோய்விடுவார்கள், வெளியிடும் நாளும் நெருங்கிவிட்டது, இப்படியே விட்டுவிடலாம் என்றார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. அந்த உதவியை நிறுத்துங்கள், நான் எல்லையைத் தொட்டுக் காட்டுகிறேன், முடியாவிட்டால் இப்படியே வெளியிடுங்கள் என்று கன்னடத்திலேயே பதில் சொன்னேன். அவரும் சம்மதித்தார்.

சொன்ன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நான் சொதப்பினால் என்னோடு போகாது. இதை வாங்கி ஆடப்போகும் பார்வையற்றவர்கள் அத்தனை பேரும் தானாக ஓடும் ஆட்டோவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கிளம்பியதுமே லாரியில் மோதினேன். அடுத்த முறை பள்ளத்தில் விழுந்தேன். அதற்கடுத்து ஒரு பஸ். இப்போது யாரும் கைதட்டவில்லை, நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. "போதும்க்கா, விட்ருங்க" என்றார் அந்தத் தம்பி, அழாத குறையாக. எனக்கோ மோத மோதத்தான் ரோடு பிடிபட ஆரம்பித்தது. பள்ளத்துக்கும் ஸ்பீடு பிரேக்கருக்கும் ஒரே சத்தம் வைத்திருந்தார். அதனால்தான் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஒதுங்கி, ஒதுங்க வேண்டிய இடத்தில் குறைத்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் எது வருகிறது என்பது இப்போது மனதில் பதிந்துவிட்டது.

"நீங்களும் பக்கத்துல உக்காந்து என்கூட ஓட்டுங்க. விட்டுக்குடுத்தீங்க, அப்புறம் உங்ககூடப் பேச மாட்டேன்" என்றேன்.

தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார். பாதி தூரம் வரை சும்மா என் பின்னாலேயே வந்தார். நான் விடுவேனா? வேண்டுமென்றே ஓர் இடி இடித்துவிட்டு முன்னே போனேன். "ஏ... இன்னாக்கா இது!" என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் பாருங்கள், மனிதர் நிஜமாகவே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். லாரியைத் தாண்டினேன், பஸ்ஸைத் தாண்டினேன். கடைசித் திருப்பம் வரை நான்தான் முன்னால். அவருடைய ஆட்டோ உறுமிக்கொண்டு என் வலது காதோரமாக வருவது கேட்டது. நான் அந்தப் பக்கம் வழியடைக்கப் போனதும் இடது பக்கமாகப் புகுந்து போயேவிட்டார். அவருக்குப் பின்னாலேயே நானும் எல்லையைத் தொட்டேன்.

"தோத்துட்டீங்க! அக்கா, தோத்துட்டீங்க!" என்று மேஜையைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

அடுத்த நொடியே என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், "சாரிக்கா, சாரிக்கா" என்று தடுமாறினார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்? மேனேஜர் அம்மா என் தோளில் கைவைத்து, நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்றார். தானாக ஓட்டும் உதவி வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று அப்போதே முடிவானது. பள்ளத்தின் சத்தத்தையும் மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கண்ணு தெரியாத பொண்ண ஜெயிச்சதுக்குக் கூச்சல் வேற போட்டானா அவன்?" என்று பொரிந்து தள்ளினார். எவ்வளவு விளக்கியும் அம்மாவின் கோபம் தீரவில்லை.

எனக்காகப் பரிதாபப்பட்டவர்கள், விட்டுக்கொடுத்தவர்கள், சும்மாவே கைதட்டியவர்கள் ஏராளம், அவர்கள் அன்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் என்னை ஜெயித்துவிட்டோம் என்று ஒருவர் தன்னை மறந்து சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான், அந்த மரியாதைக்கு ஈடாக இன்றுவரை எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.