ஃப்ளெக்ஸில் ஒட்டிய வெள்ளைப் பேப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்காலி மேல் ஏறி நின்று, பத்தடி ஃப்ளெக்ஸில் இருந்த ஒரு எண்ணை வெள்ளைப் பேப்பர் ஒட்டி மறைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைத் தேடிக் கொடுத்தவனும் நான்தான்!

எல்லாம் ஜெசிந்தாவால். கோலார் தங்க வயலில் என்னோடு படித்தவர். இப்போது பெங்களூரில் புற்றுநோய் ஆராய்ச்சி விஞ்ஞானி. ஒரு செல் எதனால் தறிகெட்டுப் போகிறது என்று மூலக்கூறு அளவில் துருவிப் பார்க்கிற வேலை. அவருக்கு ஒரு பாராட்டு விழா வைக்கலாம் என்றான் ஏழுமலை. அவனும் எங்கள் கிளாஸ்தான். சுரங்கம் மூடும் வரை நந்திதுர்க் ஷாஃப்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, சிக்னல் பெல் அடித்தவன். எத்தனை பேர் கீழே போனார்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று கண் கொட்டாமல் கவனிக்க வேண்டிய வேலை.

"ஃப்ளெக்ஸ்ல எதுனா பெருசா போடணும்பா" என்றான்.

நெட்டில் தேடினேன். விஞ்ஞானிகளுக்கு சைட்டேஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒருவருடைய கட்டுரையை ஆதாரமாகக் காட்டி இன்னொருவர் கட்டுரை எழுதினால், அது ஒரு சைட்டேஷன். பதவி, பரிசு எல்லாம் அதைப் பார்த்துத்தான். ஜெசிந்தாவுடையது ஆயிரக்கணக்கில் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்ணை உலகத்தில் இத்தனை பேர் நம்புகிறார்களா! மலைத்துப் போய் ஏழுமலைக்கு அனுப்பினேன். அவன் ஜெசிந்தாவின் முகத்தைவிடப் பெரிதாக அந்த எண்ணை அடித்துவிட்டான்.

பங்காருபேட்டையில் ரயிலிறங்கி வந்த ஜெசிந்தா அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அந்த நம்பர எடுத்துடுங்க."

"இன்னா ஜெசி... நம்பர எடுத்துட்டா அப்புறம் இன்னா கீது? உன் மூஞ்சிதான் கீது!" ஏழுமலைக்கு நிஜமாகவே கோபம்.

"அதுல பாதிக்கு மேல ஒரே பேப்பரால வந்தது. அந்தப் பேப்பர் தப்பு, ஏழுமலை."

விஷயம் இதுதான். பல வருஷங்களுக்கு முன்பு, நுரையீரல் புற்றுநோய் செல்களை லேபில் வளர்த்து, அவை பரவ உதவுகிற ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கட்டுரைதான். சமீபத்தில், ஃப்ரீசரில் கிடந்த அதே பழைய செல்களை எடுத்து மரபணுச் சோதனை செய்திருக்கிறார். அவை நுரையீரல் செல்களே இல்லை! எப்போதோ வேறொரு புற்றுநோயின் செல்கள் அதில் கலந்து, அசல் செல்களை அமுக்கிவிட்டு, அதே லேபிளோடு ஜம்மென்று வளர்ந்திருக்கின்றன.

"வேற யாருக்கும் தெரியாதுல்ல? விட்டுட வேண்டியதுதானே?"

கேட்டது ஏழுமலை இல்லை. சாட்சாத் அடியேன்தான்.

"அத நம்பி எத்தன லேப்ல மருந்து தேடிக்கினு இருக்காங்க தெரியுமா? ஒண்ணுமே இல்லாத எடத்துல தோண்டிக்கினே இருப்பாங்க."

கட்டுரையை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். டைரக்டர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது, இனி சந்தேகம்தான். அதோடு விட்டாரா? ஆராய்ச்சிப் பத்திரிகையில் வரும் அறிவிப்பை எல்லாரும் படிக்க மாட்டார்கள் என்று, அந்தப் புரதத்தை வைத்து இன்னும் வேலை செய்கிற ஒவ்வொரு லேபுக்கும் தனித்தனியாக மெயில். பதில் வராவிட்டால் மறுபடி மெயில். வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில் ஒருவர் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டு, திருத்தம் வெளியிடாமல் இரண்டு வருஷம் ஓட்டியவன் நான்... பேப்பரும் பசையும் எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன்.

விழாவில் இதையெல்லாம் ஐந்தே நிமிஷத்தில் சொல்லி முடித்தார். ஹால் முழுக்க சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டார். ஒருவரும் கை தட்டவில்லை. பாராட்டு விழாவில் விழா நாயகியே தன் தப்பைச் சொன்னால் எந்த இடத்தில் கை தட்டுவது?

ஏழுமலை எழுந்தான். மைக் கூட வாங்கவில்லை.

"ஜெசி, உன் பேப்பர நம்பி உள்ள போனாங்களே... எல்லாரும் மேல வந்துட்டாங்களா?"

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்ல. இன்னும் பதினாலு லேப்ல இருந்து பதிலே வரல."

"அப்ப மறுபடியும் பெல்லு அடி. வர்ற வரைக்கும் அடிச்சிக்கினே இரு."

ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் ஆடின. செல், புரதம் எதுவும் அவர்களுக்குப் புரிந்திருக்காது. இது புரிந்தது.

சாப்பாட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். ஏழுமலை அதே நாற்காலி மேல் நின்று, நான் ஒட்டிய வெள்ளைப் பேப்பரில் மார்க்கரால் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தான்: 14.

"ஒவ்வொருத்தரா பதில் போடப் போட எனக்கு போன் பண்ணு ஜெசி. மாத்திடறேன்."

இதை எழுதும்போது அந்த எண், ஒன்பது.