உப்பு லொறியில் லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால்

சென்ற பனிக்காலத்தில், லில்லெஸ்ட்ரோம் என்ற ஊரைத் தாண்டிய ஒரு வளைவில் எங்கள் கார் சறுக்கி மரத்தில் மோதியது. ஓட்டியவர் என் கணவர் ராஜன். அவருடைய முறிந்த முழங்கால் எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்த வழியிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்கும் போகவில்லை. "நான்தான் ரோட்டை வடிவாப் பாக்கேல்லை" என்பார். நாளை அந்த வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்கு முன் அந்த வளைவை நானே பார்க்க விரும்பி இன்று காலை கிளம்பினேன்.

எங்கள் வீடு இருக்கும் ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலில் நகரம், பிறகு மெட்ரோவில் ரொம்சோஸ். ஒரே டிக்கெட் போதும். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு வெளியே ஜெனிற்றா லொறியோடு நின்றாள். இங்கேயே பிறந்த மன்னார்க் குடும்பத்துப் பெண். அந்த வழிக்குப் பனி வழித்து, ஐஸ் கரைய உப்புப் போடுபவள். என்னை ஏற்ற முதலாளியிடம் அனுமதி கேட்டிருந்தாள்.

"சப்பாத்தைத் தட்டிப்போட்டு ஏறுங்கோ அக்கா. வீட்டைவிட இதைத்தான் நான் கூட்டுறனான்."

லொறியில் இந்தப் பனிக்காலம் ஒரு சென்சர் பூட்டியிருக்கிறார்கள். ஓடும்போதே தார் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, மேலே இருப்பது ஈரமா ஐஸா என்று அளக்கும். அதற்கேற்ப உப்பு தானாகக் கூடும், குறையும், நிற்கும்.

"மாமியார் மாதிரி அக்கா. கண் மூடாது."

லில்லெஸ்ட்ரோம் கழிந்து காடு தொடங்கியது. வளைவு வந்தபோது கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தேன். நல்ல வெயில். மர நிழலில் ரோடு கறுப்பாக, வெறுமனே நனைந்தது போலக் கிடந்தது. சென்சரின் திரையில் காற்று பிளஸ் இரண்டு டிகிரி. ரோடு மைனஸ் ஒன்று. ஐஸ். பின்னால் உப்புச் சிதறும் சத்தம் கேட்டது.

"நீ பட்டனை அமத்தினியோ?"

"இல்லை, தானா விழுது. என்ரை கண்ணுக்கும் ஈரம் மாதிரித்தான் கிடக்கு."

அன்று எங்கள் காரும் பிளஸ் இரண்டு காட்டியது. ஐஸ் இராது என்று இருவரும் நம்பினோம். அந்த எண் காற்றுடையது. டயர் தொடுவது காற்றை அல்ல. இங்கே பனிக்காலத்தில் கார் எடுப்பவர்கள் இதை மறக்கவேண்டாம். பாலத்திலும் மர நிழலிலும் வேகத்தை முன்னமே குறையுங்கள். உப்பு லொறிக்குப் பின்னால் போக நேர்ந்தால் முந்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்து, பார்த்ததைச் சொன்னேன். ராஜன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கும் ஐஸ் தெரியேல்லையோ?"

"ஓம். தெரியேல்லை."

முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்கு ஆர் ஓடுறது? நீரோ நானோ?"

"நான் ஓடுறன். நீங்கள் பக்கத்திலை இருங்கோ."

"வளைவிலை மெல்லமாப் போம்," என்றார்.