பூட்டிய அறைக்குள் மழை வாசம்

முட்டாள்தனத்தில் எனக்குப் போட்டியே கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்ததில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு வரி: ஓசோன் நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என் மனைவியைக் கொல்லப் பார்த்தேன்.

போன வருடம் சித்திரை மாதம், பந்தல்குடியில் நடந்தது. தூத்துக்குடி ரோட்டோரம் எனக்குப் பஞ்சர் கடை; பின்னாலேயே வீடு. பகலெல்லாம் லாரிப் புகை. மனைவிக்கு வீசிங் உண்டு. வெயில் ஏற ஏற, மத்தியானத்தில்தான் இழுப்பு அதிகமாகும்.

பக்கத்தில் கார் கழுவும் கடை வைத்திருக்கும் நண்பனிடம் டிபன் பெட்டி அளவில் ஒரு மெஷின் இருந்தது. கருவாடு ஏற்றி வந்த காரைப் பூட்டி, உள்ளே அரை மணி நேரம் அதை ஓடவிட்டால் நாற்றம் போன இடம் தெரியாது. என்ன மாயம் என்று கேட்டேன். ஓசோன் என்றான். காரையே சுத்தம் பண்ணுவது என் வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணாதா?

"ஏலே, ஒரு நாளைக்குக் குடுலே."

"கொண்டு போ. ஆளு உள்ள இருக்கக் கூடாதுலே, அத மட்டும் பாத்துக்க."

கொடுக்க மனசில்லாமல் பயம் காட்டுகிறான் என்று நினைத்தேன்.

மத்தியானம் மனைவி படுத்திருந்தாள். புகை வராமல் ஜன்னலைச் சாத்தி, மெஷினைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசம். மின்னல் வெட்டி மழை இறங்கும் முன்னால் வருமே, அதே வாசம். எங்கள் காட்டில் மழையை மோந்தே பல மாதம் ஆகியிருந்தது.

"நல்லா இழுத்து விடு, மழ வாசம்!"

"தொண்டய அறுக்குதுங்க."

"உள்ள இருக்க புகையெல்லாம் வெளிய வருதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் வேலையும் நானே பார்த்தேன். அதற்குள் ஒரு லாரி பஞ்சராகி வந்து நிற்க, கதவையும் சாத்திவிட்டுக் கடைக்குப் போனேன்.

வேலை முடித்துத் திரும்பினால், அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. உதடு கறுத்திருந்தது. இன்ஹேலரை இரண்டு தரம் அடித்தும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், திட்டவில்லை. கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவள் திட்டாமல் விட்ட முதல் தப்பு அது. அப்போதுதான் பயம் பிடித்து, மெஷின் வயரைப் பிடுங்கிவிட்டு அவளைத் தூக்கினேன்.

ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றினேன். "அக்கா, கண்ண மூடிராதீக! அண்ணே, பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே ஓட்டினார் டிரைவர். ஊரெல்லாம் வாயடிக்கிற எனக்கு அன்று வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. அருப்புக்கோட்டை வரைக்கும் அவளுடைய அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்ததைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். வீட்டில் பெயின்ட் ஏதும் அடித்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். நடந்ததைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினார்.

"அது வானத்துல இருந்தா வெயில வடிகட்டும். மூச்சுல போனா நுரையீரலப் புண்ணாக்கும். வண்டிப் புகையில கடும் வெயில் பட்டா வெளிக் காத்துலயே அது உண்டாகுது. அதுக்கே இம்புட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு அளவு வச்சிருக்காங்க. நீங்க ரூமப் பூட்டி ஊட்டிவிட்டிருக்கீங்க!"

மத்தியான இழுப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லி, உச்சி வெயிலில் அவளை ரோட்டுப் பக்கம் விடாதீர்கள் என்றார்.

சாயங்காலம்தான் அவளுக்கு மூச்சு சீரானது. கண்ணுக்குத் தெரிந்த புகைக்கு ஜன்னலைச் சாத்தத் தெரிந்த எனக்கு, வாசமாக வந்ததைச் சந்தேகப்படத் தெரியவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை; இன்றும் மத்தியானத்தில் கையிலிருக்கிற டியூபைப் போட்டுவிட்டு வந்து, அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். நேற்றும் அப்படிப் போய் நின்று, "மூச்சு நல்லா வருதா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நீங்க எதுவும் வாங்கிட்டு வராத வரைக்கும் வரும்."