பச்சை வரும்வரை

ஐந்தாவது தடவையும் முந்நூற்றைத் தாண்டவில்லை. மூச்சின் வேகத்தை அளக்கும் ஊதுகுழாயை அவர் வாயிலிருந்து எடுத்து, அதிலிருக்கும் சின்ன முள்ளை விரலால் பழையபடி கீழே தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இரு, இரு, வழிக்கு வராம எங்க போயிடுவே?" என்று குழாயிடமே சொல்லிவிட்டு மறுபடி ஊதுகிறார். முந்நூற்றுப் பத்து. எட்டாவது தடவை முந்நூற்று நாற்பது. அப்பாடா! அந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டியதும் திரை பச்சையாகிறது. "அருமை! இன்றும் தவறாமல் ஊதிவிட்டீர்கள்!" என்று ஆஸ்துமா செயலி மெச்சுகிறது. "ஆமா, நீ ஒருத்திதான் பாக்கி" என்று கட்டிலில் தொப்பென்று உட்காருகிறார். காலை ஏழு மணிக்கே ஒரு நாள் வேலை செய்து முடித்த அலுப்பு.

செயலியைப் போட்டுக்கொடுத்த நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னாள். மூன்று தடவை ஊத வேண்டும், அதில் பெரிய எண்ணைப் போட வேண்டும். முந்நூற்று நாற்பதைத் தொட்டால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு. இவர் பெரிய எண்ணை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூன்றைக் கைகழுவிவிட்டார். கேட்டால் கோபம் வேறு வருகிறது. "பொய்யா எழுதறேன்? ஊதித்தானே எழுதறேன்!"

அந்த எண் அவருடைய கைப்பேசியோடு நின்றுவிட்டால் தொல்லையில்லை. அதே நிமிஷம் மகளுடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்கிறது. தாயில்லாத பெண். வெகுதூரத்தில் ரயில் ஓட்டுநர் பயிற்சியில் இருக்கிறாள். இரண்டு தேர்வில் கோட்டைவிட்டு மூன்றாவதில் பிடித்த இடம் அது. பயிற்சி முடிவதற்குள் வீட்டுக்கு வந்தால் இடம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. கிளம்புகிற அன்று அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மூணு நாள் சேர்ந்தாப்ல மஞ்சள் வந்துச்சுன்னா பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவேன்ப்பா. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது." சொன்னால் செய்கிறவள். அதனால்தான் பச்சை வரும்வரை இவர் ஊதிக்கொண்டே இருக்கிறார்.

வேலை, ஒரு பெரிய விடுதியின் தரைக்கு அடியில் இருக்கும் துணி அறையில். இருபத்திரண்டு வருஷமாகப் போர்வை, திரைச்சீலை, தலையணை. எல்லோருக்கும் அவர் 'போர்வை அண்ணன்'. தலையணையைக் கையில் ஏந்தினாலே அதற்கு எத்தனை வயது என்று சொல்லிவிடுவார். முகக்கவசம் போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, போர்வையைப் படீர் படீர் என்று உதறுவார். அந்த நேரம் பார்த்து, "இன்று காற்று சுத்தமாக உள்ளது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று செயலி அறிவிக்கும். அறைக்கு ஜன்னலே கிடையாது.

"இதுக்குத் தெரிஞ்சதெல்லாம் வெளிக்காத்து. நான் குடிக்கிற காத்தை இது எங்க பாத்துச்சு?"

வேறு இடம் கேட்டுப் பார்க்காமல் இல்லை. "வரவேற்புல நாள் பூரா பேசணுமே அண்ணே, மூச்சு தாங்குமா?" என்றார் மேலாளர். "பேச ஆள் கிடைக்காமத்தான் சார் போர்வைகிட்ட பேசிட்டிருக்கேன்" என்றார் இவர். உண்மைதான். படியேறும்போதுகூட வாய் ஓயாது, படிக்கு ஒரு வார்த்தையாக வரும். மேலாளர் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வாரம் குளிர்காலப் போர்வைகளைக் கிடங்கிலிருந்து இறக்கினார்கள். முந்நூறு போர்வை, எட்டு மாசத் தூசி. அதிலிருந்து பச்சை வர பன்னிரண்டு ஊதல், பதினைந்து ஊதல் என்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோவில் வந்தாள்.

"என்னப்பா இது, மூணு வாரமா தினமும் முந்நூத்தி நாப்பது? ஒரு நாள் ஏறாம, ஒரு நாள் இறங்காம? நான் ஓட்டற ரயில்கூட இவ்வளவு ஒழுங்கா வராது. எங்க, இப்ப ஊதுங்க, நான் பாக்கறேன்."

"இப்பவா? இப்பத்தான்மா... காபி குடிச்சேன்."

"பரவாயில்ல, ஊதுங்க. மூணே தடவை."

ஊதினார். இருநூற்று முப்பது. இரண்டாவது, இருநூற்றுப் பத்து. மூன்றாவது ஊதலைப் பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது. மறுபடி ஊதக் குழாயைத் தூக்கினார். "போதும்ப்பா" என்றாள் அவள்.

"முதல்ல பக்கத்து வீட்டு அண்ணனைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் அவருக்குப் போன் பண்றேன்." மெல்லக் கேட்டாள். "நான் வரட்டுமாப்பா?"

வராதே, ஒண்ணுமில்ல, தூசிதான், நாளைக்குச் சரியாயிடும். எல்லாப் பதிலும் அவரிடம் தயாராகவே இருந்தது. ஊதுகுழாயைக் கட்டிலில் வைத்தார். பிறகு, வா என்று தலையை மட்டும் அசைத்தார்.