அடுத்த படம், கோமளா

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையில் திருத்த வேண்டிய ரெக்கார்டு நோட்டுகள். எதிரே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பழைய மாணவி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், பிலோமினா மிஸ் தவறிட்டாங்களாம். காலையிலதான். உங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நிமிடம் என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். ஆனால், இதிலும் எனக்கு முன்னால் போய்விட்டாளா என்றுதான் நினைத்தேன். அதன் பிறகுதான் நோட்டுக் கட்டோடு அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியின் இந்த நினைவு மலரைப் படிப்பவர்கள் எங்கள் விலங்கியல் துறையில் படித்தவர்கள், அல்லது எங்களோடு வேலை பார்த்தவர்கள். மரியாதைக்காக அவளை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பதினாறு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தோம். உங்களில் பலர் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். கோமளாவுக்கு வந்த கப்பல் பயணத்தைப் பிலோமினா தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்ற கதை. அது பொய். அது பரவியதற்கு நான்தான் காரணம்.

மாணவிகளை மண்டபம் கடற்கரைக்கு அழைத்துப்போன ஒரு நாளிலிருந்து தொடங்குகிறேன். பவளப்பாறை பார்ப்பதற்காகப் படகில் போனோம். கரை மறைவதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள் நான். ஆனால் அத்தனை நண்டுகளையும் ஃபார்மலின் குப்பிகளில்தான் பார்த்திருந்தேன். பிலோமினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தாள். ஒரு நண்டைப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "கண்ணைத் திற கோமளா. கடலுக்கு உன்னை யாருன்னே தெரியாது. உன்மேல அதுக்கு என்ன கோபம்?" என்றாள். மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று தொடங்கியது என் பொறாமை.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. கருத்தரங்குக்கு வந்து எங்கள் குப்பிகளைப் பார்த்துவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் எழுதியிருந்தார். முப்பது பயணிகள் மட்டுமே போகக்கூடிய சிறிய கப்பல் ஒன்று பசிபிக் கடலில் பாலினேசியத் தீவுகளைச் சுற்றப் புறப்படுகிறது. பயணிகளுக்கு விளக்கிச் சொல்ல அவர் போகிறார். சேகரிக்கும் நண்டுகளைப் பிரித்துப் பெயர் எழுத ஓர் ஆள் வேண்டும். ஏழு வாரம். செலவு கப்பல்காரர்களுடையது. எங்கள் இருவரில் ஒருவர் வரலாம் என்று எழுதியிருந்தார். பிரின்சிபல் முதலில் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். என் மாமியார் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வாரந்தானே? குழந்தையை நான் பாத்துக்கறேன். ரசஞ்சாதம் கிடைக்காது, அதை மட்டும் யோசிச்சுக்கோ."

"கடல் தாண்டிப் போலாமாம்மா?"

"ஏன், நம்ம பெருமாள் எதும்மேல படுத்துண்டிருக்கார்?"

என் கணவர், "அம்மாவே சொல்லியாச்சு, அப்பறம் என்ன?" என்று பேப்பரைப் பிரித்தார். எனக்கு ஒரு சாக்கும் மிஞ்சவில்லை. இரவெல்லாம் மண்டபத்துப் படகு கண்முன் ஆடியது. சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரர்கள் முப்பது பேர் என் இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. மறுநாள் பிரின்சிபல் அறைக்குப் போய், "வீட்ல மாமியார் ஒத்துக்கலை மேடம்" என்றேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம், கோயில் வாசலில் வீடு, வேறென்ன எதிர்பார்ப்பார்கள்? ஆசிரியர் அறையில் எல்லோரும் எனக்காக வருந்தினார்கள். அந்த வருத்தம் எனக்கு இதமாக இருந்தது. பிலோமினா ஒத்துக்கொண்டதும் பேச்சு திரும்பியது. "கல்யாணம் காட்சி இல்லாதவங்களுக்கு என்ன, பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடலாம்" என்றார் ஒருவர். "கோமளா மாமியார்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம்ல? கூட வேலை பாக்குற பொண்ணுக்காக அதுகூடச் செய்யலை. உடனே கையை நீட்டிட்டாங்க" என்றார் இன்னொருவர். அவள் காதில் விழும்படியாகவே சொன்னார்கள். பிலோமினா, "டீ ஆறுது, குடிங்க" என்றாள். நான் தலையைக் குனிந்து நோட்டுத் திருத்தினேன்.

அவள் போன ஏழு வாரமும் அவளுடைய வகுப்புகளை நான்தான் எடுத்தேன். அவள் பவளத்தீவின் மேல் நின்றிருக்கும் நேரத்தில் நான் கரும்பலகையில் பவளத்தீவு வரைந்தேன். சாக்பீஸ் உடைந்துகொண்டே இருந்தது.

கறுத்து, இளைத்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். ஒரு பெட்டி நிறைய ஸ்லைடுகள். அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை முதலாண்டு மாணவிகளுக்கு அந்தப் பயணத்தைக் காட்டுவது துறையின் வழக்கமாகிவிட்டது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுவோம். அவள் திரையருகே நின்று பேசுவாள். நான் பின்னால் புரொஜெக்டரை இயக்குவேன். "அடுத்த படம், கோமளா" என்று குரல் வரும். நான் மாற்றுவேன்.

அவள் பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். "கப்பல்னா பெரிசுன்னு நினைக்காதீங்க. இந்த லேபைப் போல மூணு லேபை வரிசையா வெச்சா அவ்வளவுதான்." ரப்பர் படகில் ஏறி, பாறையில் அலை உடையும் இடத்துக்கு நடுவே இருக்கும் சின்ன வழியாக உள்ளே போவதை மூச்சு விடாமல் சொல்லுவாள். மரமேறும் தேங்காய் நண்டு. பலகைமேல் உட்கார்ந்து, முனையில் பதித்த பல்லில் தேங்காய் துருவும் தீவுப் பெண்கள், "பாருங்க, நம்ம வீட்டுத் துருவுபலகை எனக்கு முன்னாடியே அங்க போயிருக்கு." வானத்திலிருந்து எடுத்த, வளையம்போல் தெரியும் பவளத்தீவின் படத் தபாலட்டை ஒன்றையும் படம் பிடித்து வைத்திருந்தாள். அது வரும்போது மட்டும் என்னைக் காட்டுவாள். "கோமளா மிஸ் ஊரு ஸ்ரீரங்கம், நிலத்தைச் சுத்தித் தண்ணி. இது தண்ணியைச் சுத்தி நிலம். அவங்களும் தீவுக்காரங்கதான்." மாணவிகள் திரும்பிப் பார்ப்பார்கள். இருட்டில் என் முகம் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வருடம், வேண்டுமென்றே ஒரு ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டேன். அவள் தடுமாற வேண்டும் என்று இருந்தது. தென்னைகள் வானத்திலிருந்து தொங்கின. அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு, "பூமிக்கு அந்தப் பக்கம் இல்லையா, அப்படித்தான் தெரியும்" என்றாள். அறை அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை அந்த நிகழ்ச்சி கண்டதில்லை. நான் செய்த கெடுதலும் அவள் கணக்கில்தான் சேர்ந்தது.

போன வருடம் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. குரல் போய்விட்டது; காற்றுதான் வந்தது. "இந்தத் தடவை நீ சொல்லு" என்றாள்.

"நான் போகலையே."

"பத்து தடவை பார்த்திருக்க. நான் ஒரு தடவைதான் பார்த்தேன்."

புரொஜெக்டரை அட்டெண்டரிடம் விட்டுவிட்டுத் திரையருகே நின்றேன். பிலோமினா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். 'பிலோமினா மிஸ் போனாங்க' என்று தொடங்கினேன். ரப்பர் படகு வந்தபோது எனக்கே தெரியாமல் 'போனோம்' என்று மாறியிருந்தது. தேங்காய் நண்டு வந்தபோது 'நான் பார்த்தேன்' என்றேன். தண்ணீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்றுகூடச் சொன்னேன். விளக்குப் போட்டதும் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், நீங்களும் போனீங்களா?"

முதல் வரிசையிலிருந்து அந்தக் காற்றுக் குரல் வந்தது. "முதல்ல அவங்களைத்தான் கூப்பிட்டாங்க. வீட்டுச் சூழ்நிலை, போக முடியலை. உக்காரும்மா."

என் பொய்யை என்னைவிட நன்றாக அவள் சொன்னாள். நம்பித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இப்படி ஏமாந்து போகிறாளே என்று கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது.

அவள் இறந்த செய்தியோடு அன்று பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தேன். மாமியாருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன்.

"யாரு, அந்தக் கப்பல்ல போனாளே, அவளா?" என்றார். "நல்ல பொண்ணுடி. போறேன்னு ஒத்துக்கறதுக்கு முன்னாடி இங்க வந்தாளே."

"இங்கயா? எப்போம்மா?"

"நீ காலேஜ்ல இருந்தே. வாசல்லயே நின்னுண்டு, 'கோமளாவை அனுப்புங்கம்மா, அவதான் நண்டு படிச்சவ, நான் விட்டுக் குடுத்துடறேன்'னா. நான் எங்கடி வேண்டாம்னேன், போன்னுதானே சொன்னேன், அவளுக்குத்தான் இஷ்டமில்லைன்னேன். கொஞ்ச நாழி பேசாம நின்னா. 'நான் வந்ததை அவகிட்ட சொல்லாதீங்கம்மா'ன்னுட்டு, கொடுத்த மோரைக் குடிச்சுட்டுப் போயிட்டா."

பதினோரு வருடம். டீ ஆறுகிறது என்று அவள் சொன்ன அன்று அவளுக்குத் தெரியும். தென்னைகள் தலைகீழாகத் தொங்கிய அன்றும், அந்தப் பெண் எழுந்து கேட்ட அன்றும் தெரியும். ஒரே ஒரு வாக்கியத்தில் தன் பெயரைச் சுத்தமாக்கிக்கொண்டிருக்கலாம். அந்த வாக்கியத்தை நான் இப்போது சொல்கிறேன்: என் வீட்டில் போ என்றார்கள், நான் பயந்தேன், பிலோமினா எனக்காக என் வீட்டு வாசல்வரை வந்து கேட்டாள்.

ஸ்லைடுப் பெட்டியை அவள் தங்கை துறைக்குக் கொடுத்துவிட்டார். இனி நான்தான் பேச வேண்டும். 'நான்' என்று வராமல் பார்த்துக்கொள்வேன். பெட்டி துறையுடையது. அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது பழைய பொறாமைதான். அது குறையவில்லை. கப்பலையும் தீவுகளையும் விட்டுவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் மோர்த் தம்ளரோடு அவள் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தின்மேல் போய் நிற்கிறது. அங்கே நான் நின்றிருந்தால், பஸ் ஏறுவதற்குள் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.